பத்துக்குக் கீழே

சிலிம் ரிவர் ஆலையின் லாரித் தராசில்
பதினோரு வருடமாகக் கிராணி நான்.
செம்பனைக் குலை ஏறி வரும், எண்ணெய் இறங்கிப் போகும்,
நடுவில் ஒரு சீட்டு, என் கையெழுத்து.
அறுபது டன் தாங்கும் இரும்புப் பலகைக்கு
இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும்.
பத்துக் கிலோவுக்குக் கீழே
எதை வைத்தாலும்
பூஜ்யம்.

அன்னபூர்ணா அடிவாரம் போகிறவர்கள்
சுமைகாரரிடம் கொடுக்கும் பை
பத்துக் கிலோவைத் தாண்டக்கூடாதாம்.
முகவர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.
வீட்டுத் தராசைத் தம்பி யோகனேசன்
போன தீபாவளிக்கே ஏறி உடைத்துவிட்டான்.

ஒரு மாதமாய் உட்கார நாற்காலி இல்லை,
எல்லாவற்றிலும் கம்பளி.
பண்டல் கடையில் நாற்பது வெள்ளிக்கு
வாத்து இறகு அடைத்த ஜாக்கெட்.
கழுத்துப் பட்டியில் யாரோ ஒரு கொரியக்காரியின் பெயர்,
நீல நூலில். பிரிக்க மனம் வரவில்லை.
பிற்பகல் மூன்று மணி, விசிறி ஐந்தில்,
போட்டுப் பார்த்தேன்.
கண்ணாடியில் ஒரு பெரிய புழு
வியர்த்துக்கொண்டு நின்றது.
குளிர் என்று எனக்குத் தெரிந்த இடங்கள் இரண்டு:
வங்கி;
அப்பாவை அடையாளம் காட்டிய அறை.

சப்பாத்து, உலகமே கதவைச் சாத்திய வருடம் வாங்கியது.
பெட்டியைத் திறந்தால் தோலில் மினுக்கம் குறையவில்லை.
மாட்டி நாலடி வைத்தேன்.
அடிப்பாகம் நனைந்த கருப்பட்டிபோல்
தரையெல்லாம் உதிர்ந்தது.
இந்த ஊர்க் காற்று
சும்மா வைத்ததைத்தான் முதலில் தின்னும்.
புதியது ஈப்போவில், அரைச் சம்பளம்.
கொப்புளம் இங்கேயே வந்து தொலையட்டும் என்று
வேலைக்கும் அதையே போட்டு வந்தேன்.
லாரிக்கார ரம்லி குனிந்து பார்த்தார்:
"எண்ணெய்க் குளத்தில் இறங்கப் போறியா?"

சனி இரவு, கடைசி டாங்கி போனபின்
பையைப் பலகையின் நடுவில் வைத்துவிட்டு
அறைக்கு ஓடினேன்.
இருபது.
ஜீன்ஸை எடுத்தேன். ஓடினேன். இருபது.
சின்னம்மாவின் நெத்திலிச் சம்பல்,
இரண்டாவது டார்ச்லைட்,
முடி உலர்த்தி (சிரிக்க வேண்டாம்),
மூன்று தைலப் புட்டியில் இரண்டு.
இருபது.

காவல் சாவடியிலிருந்து டில்பகதூர் எழுந்து வந்தான்.
இருபத்தாறு வயது, தொப்பி கொஞ்சம் பெரிசு.
"காக், நீ அங்கேயே நில். நம்பரை நான் சொல்றேன்."
மலாயில்தான் எங்கள் பேச்சு,
இரண்டு பேருக்கும் இரவல்.

இரண்டு ஜோடிக் காலுறை. "டுவா புலோ!"
சீப்பு, கண்ணாடி, வாசிக்கமாட்டேன் என்று தெரிந்த புத்தகம்.
"டுவா புலோ!"
பாதாம் பொட்டலம்.
கொஞ்சம் மௌனம்.
"கோசோங்!" என்று கத்தினான்.
பூஜ்யத்துக்கும் காலிக்கும் அங்கே ஒரே சொல்.

வந்து பையைச் சுற்றி ஒரு முறை நடந்தான்.
"எத்தனை நாள்?"
"பன்னிரண்டு."
"நான் இங்கே வந்தப்ப என் பை ஏழு கிலோ."
எத்தனை நாளுக்கு என்று கேட்கவில்லை.
அவன் ஒப்பந்தத்தில் இரண்டு முறை
சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் நான்.

பிறகு சாவடிக்குப் போய்
ஒரு பிளாஸ்டிக் பையோடு திரும்பினான்.
கறுப்புப் பள்ளிச் சப்பாத்து, சின்னது.
"பொக்கராவில் பஸ் நிற்கிற இடத்துக்கு மச்சான் வருவான்."
மனைவி நூலால் பாதத்தை அளந்து
போனில் சொன்ன அளவாம்.
சொன்னது மார்ச்சில். இது அக்டோபர்.
ஒரு நம்பர் கூட்டி வாங்கியிருக்கிறான்,
போதுமா என்று என்னிடம் கேட்கிறான்.
எனக்கு என்ன தெரியும்.

உள்ளே வைத்தேன். அவன் ஓடினான்.
"டுவா புலோ," இந்த முறை மெதுவாக.

ஜாக்கெட்டை எடுத்தேன்.
போட்டுக்கொண்டேன், கழுத்துவரை ஜிப்,
பலகையைவிட்டு இறங்கி
பேராக்கின் புழுக்கத்தில், கொசுவில்,
ஆலைச் சக்கையின் புளித்த வாடையில்
கொரியக்காரியாக நின்றேன்.
முதுகில் வியர்வை கோடாக இறங்கியது.

கண்ணாடிக்கு அப்பால் அவன்
எண்ணைப் பார்ப்பதை விட்டு
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லித் தொலைடா," என்றேன், தமிழில்.