நெரேயாவின் உயரம்

என் தங்கை நெரேயா குள்ளம்.
செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் நின்றால்
சரியாக ஒன்றரை மீட்டர்.
சைக்கிளைத் தாண்டும்போது
விடவேண்டிய இடைவெளியும் அதுவே என்று
உரிமம் புதுப்பிக்கும் வகுப்பில் சொன்ன நாள்முதல்
நான் மீட்டரில் அளப்பதில்லை.
சாலையின் குறுக்கே அவளைப் படுக்கவைத்து,
தலைமுடிகூட நசுங்காதென்றால் மட்டும்
தாண்டுகிறேன்.
அவளிடம் இதைச் சொன்னதில்லை.
சொன்னால் உதைப்பாள்.

இன்று விடியலில்
பாஸ்க் மலையேறும் ஆரிட்ஸ்பே சாலையெங்கும் மூடுபனி.
பதினோரு பண்ணைகளில் கறந்த பால்
என் முதுகுக்குப் பின்னால் தளும்புகிறது.
நிறைந்த தொட்டி சொன்னபடி கேட்கும்.
முக்கால் தொட்டி
பிரேக்கை மிதித்த பிறகும்
முன்னே போக ஆசைப்படும்.

மூன்றாவது வளைவில் ஒரு சிவப்புப் புள்ளி,
அணைந்து, எரிந்து, அணைந்து.
கிட்டே வர வர அது ஒரு முதுகானது.
மஞ்சள் சட்டை,
சங்கிலியில் மாட்டாதிருக்கக்
காலுறைக்குள் செருகிய வலது கால்சராய்,
பின்தட்டில் ரப்பர் கயிற்றால் கட்டிய
சாப்பாட்டு டப்பா.
வேலைக்குப் போகிறவன். என்னைப் போல.

இரண்டாம் கியர். பிறகு முதல் கியர்.
அவன் ஏறுகிறான், நான் ஊர்கிறேன்.

எனக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிற வேன்
ஹாரனை அழுத்தி அழுத்தி
என் தொட்டியை வைதது.
வையட்டும். பாலுக்குக் காது இல்லை.
அதன் கண்ணுக்கு நான்தான் தடை.
எனக்கு முன்னால் ஒருவன்
மூச்சிரைக்க மிதிப்பது
அதற்குத் தெரியவே தெரியாது.

அவனோ திரும்பிப் பார்த்தான்.
முகத்தில் நன்றி இல்லை.
பயம். அதன்மேல் கோபம்.
கையை வீசி ஏதோ கத்தினான்.
அப்போதுதான் உறைத்தது:
கண்ணாடிக்கு உள்ளே நான் பொறுமை என்று நினைத்திருந்தது
வெளியே அவனுக்குப்
பிடரியில் உறுமும் டீசல்.
என் விளக்கு
அவன் நிழலையே அவனுக்கு முன்னால்
பனிமேல் நிறுத்தி மிரட்டிக்கொண்டிருந்தது.

காலை எடுத்தேன்.
அவன் மறுபடி வெறும் புள்ளியாகும்வரை
பின்தங்கினேன்.
ஹாரன் இன்னும் நீண்டது.

நகரத்தில் ஒருமுறை
கதவை இடக்கையால் திறந்தேன், பார்க்காமல்.
ஹேண்டில்பார் தகரத்தில் உரசிய சத்தம்.
அந்தப் பையன் விழவில்லை. நின்றான்,
என்னைப் பார்த்தான், போய்விட்டான்.
திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.
அன்றிலிருந்து வலக்கைதான் கதவைத் திறக்கிறது;
கை குறுக்கே நீளும்போது தோள் திரும்புகிறது,
தோளோடு கண்ணும்.

உச்சியில் பனி கிழிந்தது.
நேர்சாலை. எதிரே யாருமில்லை.
என் இருக்கையின் உயரத்துக்கு
அடுத்த பாலம்வரை தெரிந்தது.
இண்டிகேட்டர் போட்டேன்.
எதிர்த்தடத்துக்கே முழுதாக விலகி
நெரேயாவைப் படுக்கவைத்தேன்,
கைகளையும் தலைக்குமேல் நீட்டிக்கொள்ளச் சொன்னேன்.
மெல்லத் தாண்டினேன்.
தாண்டியதும் உள்ளே திரும்பிவிடவில்லை.
தொட்டியின் வால் எங்கே முடிகிறதென்று
அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

கண்ணாடியில் அவன் கை உயர்ந்தது.
வாழ்த்தா வசவா,
நீர்த்துளி வழிந்த கண்ணாடி சொல்லவில்லை.
அவனுக்குப் பின்னால் வேன்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.
அதுவும் நான் போன தடத்திலேயே
அகலமாக விலகி வந்தது.
எறும்புக்கு எறும்பு வழி.

பால் ஆலை வாசலில் எனெகோ
கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான்.
"கர்பின்யே, ஒன்பது நிமிடம்."
தாமதத்துக்குக் காரணம் எழுதும் கட்டம்
கட்டைவிரல் நகத்தளவு.
காலுறைக்குள் கால்சராய் செருகிய ஒருவனும்,
அவன் சாப்பாட்டு டப்பாவும்,
சாலையில் கைநீட்டிப் படுத்திருந்த என் தங்கையும்
அதற்குள் அடங்கமாட்டார்கள்.

'மூடுபனி' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.