பதினான்கு, ஏழு, முப்பத்திரண்டு, பத்தொன்பது

தோர்ஸ்ஹவ்னில் மூன்று நாளாய் மூடுபனி.
துறைமுகத்துக்கு மேல், வலைக் கிடங்கின் மாடியில்
நானும் இரண்டு திரைகளும்.
ஹீட்டர்மேல் மார்யுனின் ஈரக் கையுறைகள்.

பழைய படப்பதிவு. செங்குத்துப் பாறையிலிருந்து
ஆடுகளைக் கயிற்றில் கட்டிப்
படகுக்கு இறக்குகிறார்கள்.
எல்லாம் புள்ளி புள்ளியாய், ஒரே கலங்கல்.
நானூற்றுப் பன்னிரண்டு துண்டுகளையும்
இரவெல்லாம் மென்பொருளுக்குத் தின்னக் கொடுத்தேன்.

விடிந்தபோது
கம்பளியில் இழை தெரிந்தது.
கயிற்றில் முறுக்கு தெரிந்தது.
பைன்டாவின் கன்னத்தில் உப்பு காய்ந்திருப்பதுகூட.

நேரம்தான் இல்லை.
முகத்தைக் கழுவச் சொன்னேன்;
பிறந்த நேரத்தையும் சேர்த்துக் கழுவிவிட்டது.
நானூற்றுப் பன்னிரண்டும்
சுழியம், சுழியம், சுழியம், சுழியம் என்று
அன்று காலைதான் உலகத்துக்கு வந்தவைபோல் விழித்தன.

மார்யுன் ஒலியைச் சேர்த்துப் பார்த்தாள்.
ஆடு கத்துகிறது, பைன்டாவின் வாயிலிருந்து.
"விடு!" என்ற கூவல்
யாருமில்லாத அலைமேல் விழுகிறது.
சிரித்தோம். பிறகு சிரிக்கவில்லை.
வெட்டுப் பட்டியலில் ஆயிரத்துச் சொச்சம் வரிகள்,
ஒவ்வொன்றும் காலியான வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டு.

பழைய கோப்பைத் திற. தொடக்க டைம்கோடை எடு.
புதியதின் நெற்றியில் எழுது.
வினாடிக்கு இருபத்தைந்து ஃபிரேம்தானா, பார்.
முதல் ஃபிரேமை மென்பொருள் விழுங்கியிருந்தால்
ஒன்று கூட்டு.
எண்பத்தாறாம் துண்டில் விழுங்கியிருந்தது.
இமைப்பொழுதில் பாதிகூட இராது,
ஆனாலும் உதடு காட்டிக்கொடுத்துவிட்டது.

மாலையில்தான் கவனித்தேன்.
துண்டு இருநூற்று மூன்று:
பதினான்கு, ஏழு, முப்பத்திரண்டு, பத்தொன்பது.
ஆனால் படகோட்டி ஹானுஸின் மணிக்கட்டில்
(நேற்றுவரை அது வெறும் வெளிச்சப் பொட்டு)
மணி மூன்று ஏழு.
கோடை நேரத்துக்குக் கடிகாரத்தை மாற்றக்
கேமராக்காரர் மறந்திருக்கிறார்.

திருத்திவிடலாமா?
பதினைந்து என்று விரல் அடித்தும் விட்டது.
அப்புறம்தான் ஒலிப்பெட்டி நினைவுக்கு வந்தது.
அன்று காலை அந்தக் கேமராவிடம்தான்
அது நேரம் கடன் வாங்கியது.
இரண்டும் ஒன்றாகவே பிழைத்திருக்கின்றன,
அந்தச் சொல்லின் இரண்டு பொருளிலும்.

அழித்தேன். பதினான்கையே திரும்ப எழுதினேன்.

கயிறு இறங்குகிறது.
நாலு காலும் காற்றில் உதைக்க, ஒரு கறுப்பு ஆடு.
பைன்டா வாயைத் திறக்கிறாள்.
"விடு!"

மார்யுன் ஒன்றும் சொல்லவில்லை.
எழுந்துபோய்க் கையுறைகளைத்
திருப்பிப் போட்டாள், மறுபக்கம் காய.