பதினொன்று வரை வெயில்

பால்கனிக்கு மேலே
ஒளி புகும் தகடு அடித்துக் கொடுத்தான் கோதண்டம்.
துணி காயப்போட என்றுதான் சொல்லியிருந்தேன்.
நாலடிக்கு ஏழடி.
காசிமேட்டுப் படகுகளின் டீசல் புகையைத் தொட்டுக்கொண்டு
ஏழே காலுக்கு வருகிறது வெயில்.
பதினொன்றானால்
பக்கத்து பிளாக்கின் தண்ணீர்த் தொட்டி
தன் நிழலை என் கம்பிகளில் சாய்த்து வைக்கும்.
அதற்குள் குடித்துக்கொள்ள வேண்டும்
நாற்பத்தோரு குச்சிகளும்.

எல்லாம் திருட்டுதான்.
செம்பருத்தி, கொருக்குப்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸ்
வேலிக்கு வெளியே கை நீட்டியிருந்தது.
நந்தியாவட்டை, ஸ்டான்லியில்
எபிக்குக் கட்டுப் பிரிக்கிறவரை காத்திருந்த மதியம்.
இட்லிப்பூவைக் கல்லறைத் தோட்டத்தில் ஒடித்தேன்,
மார்ட்டின் என்று எழுதியிருந்தவரிடம்
மன்னிப்புக் கேட்டுக்கொண்டு.
என் கைப்பையில் எப்போதும்
ஈரக் கைக்குட்டை, பாதி பிளேடு.

கணுவுக்குக் கீழே சாய்வாக ஒரே வெட்டு.
அடி இலைகள் போகட்டும்.
மேலே இரண்டை விட்டு, அவற்றிலும் பாதியை நறுக்கு.
வெட்டுவாயில் கற்றாழைச் சோறு.
ஏலக்கூடத்தில் விட்டெறிந்த தெர்மாக்கோல் பெட்டியில்
தென்னைநார்த் தூள், மணல்,
மூடுவதற்கு எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடைக் கவர்.
சோப்பு போட்டு ஆறு தடவை கழுவியும்
வஞ்சிரம் போகவில்லை.
பூனையொன்று வந்து மண்ணை முகர்ந்தது,
எடை குறைத்து விற்றவளைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்துவிட்டுப் போனது.

"இன்னாக்கா, மீன் பொட்டில குச்சி நட்டுகினு கீற?"
பல்கீஸ் கேட்டாள், மாவு வாளியோடு.
பெயின்ட் டப்பாவில் ஒரு செம்பருத்தி கொடுத்தேன்,
வாயடைக்க.

எபி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்.
எதையும் தூக்கிப் பார்க்காமல் நம்பமாட்டான்.
பன்னிரண்டாம் நாள் ரோஜாவைத் தூக்கினான்.
"வேரு இல்ல."
வெட்டுவாயைச் சுற்றி வெள்ளையாக ஒரு தடிப்பு,
காய்ந்த சோற்றுப் பருக்கை மாதிரி.
இதுதான் வேராகப் போகிறது என்றேன்.
தூக்கினதில் அதுவும் உதிர்ந்திருந்தது.
ராத்திரி வரை அவனோடு பேசவில்லை.

மே மாதம் நாலு நாள் லாரி வரவில்லை.
ஐந்தாம் நாளும் வரவில்லை.
இரண்டு குடத்தில் ஒன்று குடிக்க, ஒன்று சோற்றுக்கு.
செடிக்கு போர் தண்ணீர் ஊற்றினேன்,
உப்பு என்று தெரிந்தேதான்.
இலை ஓரமெல்லாம் அப்பளம் கருகுகிற மாதிரி கருகிற்று.
கரித்தூசி என்று நினைத்து
பழைய பனியனால் துடைத்துப் பார்த்தேன்.
தூசியில்லை.

ஆறு மிஞ்சின.
மற்றதை வாளியில் போட்டுக்கொண்டு இறங்கும்போது
இரண்டாவது மாடியில் கதவு திறந்திருந்தது.
அரிசி களைந்த தண்ணீரிலேயே வளர்ந்து
பல்கீஸின் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது
என் பெயின்ட் டப்பா.
மொட்டுகூட வைத்திருந்தது, எனக்கு வைக்காதது.
வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
மீன் நறுக்குகிற கத்தியை எடுத்துவந்து
"எங்க வெட்டணும், காட்டு" என்றாள்.

எட்டுக் குச்சிகள்.
லாரித் தண்ணீரை ஒரு ராத்திரி திறந்து வைத்து,
குளோரின் போனபிறகுதான் ஊற்றுகிறேன்.
கவரின் உள்பக்கம் வியர்க்கிறது.
நுனியில் ஒரு பச்சை, வந்த மாதிரியும் வராத மாதிரியும்.

இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள்.
எபி மார்னிங் ஷிப்ட்.
கதவைத் தாழ்போட்டுவிட்டு
ஓரத்தில் இருந்ததை மெதுவாகத் தூக்கினேன்.
இரண்டு. நூல் மாதிரி.
வெயில் பட்டதும் கூசின.
பழைய குழியிலேயே இறக்கி
மண்ணை விரலால் மூடினேன்.
அவன் கேட்டால்
யாரும் தொடவில்லை.