கடந்த இரண்டு வாரங்களில்

புதிதாக வருகிற எல்லோருக்கும் இந்தத் தாள்தான்.
மணமுறிவு என்று வந்தாலும்,
கை நடுங்குகிறது என்று வந்தாலும்,
நீதிபதி அனுப்பி வந்தாலும்.
"எல்லோருக்கும் கொடுப்பதுதான்" என்று
நான் சொல்ல வேண்டும்.
ஒரு நாளைக்குப் பதினாலு முறை சொல்கிறேன்.
பாதிப் பேர் நம்புவதில்லை.

டுலூத்தில் ஜனவரி.
சரக்குக் கப்பல்கள் துறைமுகப் பனிக்கட்டியில்
சும்மா கிடக்கின்றன.
மூன்றாம் மாடியில் எங்கள் ஹீட்டர் இருமுகிறது.
பேனாவைச் சங்கிலியில் கட்டியிருக்கிறோம்.
திருடுவார்கள் என்றல்ல,
கையில் இருப்பதை மறந்து
வீடுவரை போய்விடுகிறார்கள்.

மார்லிஸ் கெட்டுனென், ஐம்பத்துநான்கு.
சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவள்.
வந்த காரணம் என்ற இடத்தில்
"மேலாளர்" என்று ஒற்றைச் சொல்.
பூட்ஸிலிருந்து சாலை உப்பு கரைந்து
நாற்காலிக்கடியில் சின்னக் குட்டை.
சங்கிலிப் பேனாவைத் தள்ளிவிட்டு
சட்டைப் பையிலிருந்து தன் பென்சிலை எடுத்தாள்.

கேள்விகள் ஒன்பது. ஒவ்வொன்றுக்கும்
இல்லவே இல்லை, சில நாட்கள்,
பாதி நாட்களுக்கு மேல்,
ஏறக்குறைய எல்லா நாளும்.

மூன்றாவதில் நிமிர்ந்தாள்.
"தூக்கம் வராததா, அதிகம் தூங்குவதா?
இரண்டையும் ஒரே கேள்விக்குள் திணித்திருக்கிறீர்கள்."
ஏதாவது ஒன்று இருந்தாலும் போதும் என்றேன்.
"பனி பெய்யாத நாட்களை மட்டும் எண்ணட்டுமா?"
எண்ணுங்கள் என்றேன்.
அப்படிப் பார்த்தால்
இந்த இரண்டு வாரத்தில் மூன்று நாள் தேறும்.

பதினோரு நிமிடம் கழித்துத் தாள் வந்தது.
பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, ஒன்று,
மறுபடி வரிசையாகப் பூஜ்யங்கள்.
கூட்டினால் இரண்டு.
இரண்டு என்றால் ஒன்றுமில்லை.
இரண்டு நான்கூட எடுப்பேன்.

ஒன்பதாவதில் எண்ணே இல்லை.
எதையோ வட்டமிட்டு, அழித்து,
மறுபடி வட்டமிட்டு, அழித்து,
தாள் கிழிந்திருந்தது.
பட்டாணி அளவு ஓட்டை.
அதன் வழியே என் மேசை தெரிந்தது.

கணினிக்கு ஓட்டை புரியாது.
சிவப்புக் கட்டம் மினுக்கி மினுக்கி எண் கேட்கிறது.
பூஜ்யம் என்று அடித்துவிடலாம்.
நெரிசலான ஒரு வெள்ளிக்கிழமை
அடித்தும் இருக்கிறேன்.
யாருக்கு என்று நினைவில்லை.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

சிறிய அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினேன்.
வாய்விட்டுக் கேட்க வேண்டிய வாக்கியத்தைப்
பயிற்சியில் ஒருவரிடம் ஒருவர்
கேட்டுப் பழகியிருக்கிறோம்,
சாண்ட்விச் தின்றுகொண்டே.
அன்று அது இவ்வளவு நீளமாக இல்லை.
"செத்துப்போனால் தேவலை என்று
எப்போதாவது தோன்றியதா?"

கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக
உள்ளிருந்து வெளியே இழுத்தாள்.
"ஏரிப் பக்கம் ஒரு வளைவு. தடுப்புச் சுவர் கிடையாது.
அங்கே வரும்போதெல்லாம் வேகத்தைக் குறைக்கிறேன்.
பத்திரத்துக்காக என்றுதான்
நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்."

எத்தனை நாளாக என்றேன்.

"நாட்கள் என்றுதானே தாளில் இருக்கிறது?
எனக்கு ராத்திரி வேலை."

டாக்டர் லிண்ட்குவிஸ்டைச்
சூப்புக் கிண்ணத்திலிருந்து எழுப்பி அழைத்து வந்தேன்.
இரண்டு மணி நேரம் அந்தக் கதவு திறக்கவில்லை.
பிறகு யாரோ சிரித்தார்கள்,
டாக்டர் என்றுதான் நினைக்கிறேன்.
மார்லிஸின் தங்கை ஹிப்பிங்கிலிருந்து காரில் வந்தாள்,
ஒரு காலில் வீட்டுச் செருப்போடு.

சிவப்புக் கட்டத்தில் மூன்று என்று அடித்தேன்.
இரண்டும் மூன்றும் ஐந்து.
அட்டவணைப்படி ஐந்து, "லேசானது".

தாளை ஸ்கேன் செய்தபோது
ஓட்டை கறுப்பாக விழுந்தது,
யாரோ அழுத்தி நிரப்பிய கட்டம் போல.

அன்றிரவு பனி கொட்டியது.
இரண்டு மணிக்கு எங்கள் சாலையில்
தரையை வழிக்கும் இரும்புச் சத்தம்.
எழுந்து திரையை விலக்கிப் பார்த்தேன்.
தாடிக்காரர் ஒருவர் ஓட்டிக்கொண்டு போனார்.