நேற்றைய தண்ணீர்

எங்கள் வீட்டில் தண்ணீருக்குக் கிழமை உண்டு.
மூன்று பெயின்ட் வாளி, கழுத்தில் பிளாஸ்டர் ஒட்டி
செவ்வாய், புதன், வியாழன்.
குழாயில் வந்த கையோடு ஊற்றினால்
குஞ்சுகள் செத்துப்போகும்.
ஒரு பகலும் ஓர் இரவும் வாய்திறந்து கிடந்து
மருந்து பறந்த பிறகுதான் அது தண்ணீர்.

அந்த மருந்தைப் போடுகிறவன் நான்.
உன்னிச்சைக் குளத்திலிருந்து வருவதற்கு
வவுணதீவில் குளோரின் அளந்து விடுவது
பதினொரு வருட உத்தியோகம்.
குளித்தாலும் மணக்கும் என்பாள் சுகிர்தா.

காத்தான்குடியில் றிஸ்லான் கடையில் வாங்கிய
ஆறு கோரி மீன்.
மீசை வைத்து, இரும்புச் சட்டை போட்ட
சுண்டுவிரல் நீளமில்லாத கெளிறுகள்.
“குளத்துச் சுங்கான் என்டா ஆணமாவது வைக்கலாம்”
என்று சொன்னவள்தான்
தாழமுக்கம் வந்த இரவு, கரண்ட் போன இருட்டில்
டோர்ச்சைப் பிடித்தபடி கூப்பிட்டாள்:
“இஞ்ச வாங்க, கண்ணாடியில என்னவோ ஒட்டுது.”

அடிச்செட்டை இரண்டையும் கூப்பிய கையாக்கி
இரண்டு மூன்றாக முட்டை சுமந்து
கண்ணாடியை வாயால் துடைத்துத் துடைத்து
ஒட்டிக்கொண்டிருந்தது தாய்.
வெளியே மழை தகரத்தை உடைத்தது.
காற்றின் பாரம் குறைந்தால் அதற்குத் தெரியுமாம்,
ரேடியோவுக்கு முன்பே.

அறுபத்துமூன்று.
விரல்நுனியால் உருட்டி எடுத்து
ஐஸ்கிறீம் டப்பாவில் சேர்த்தோம்,
ஒரு வாதுமைச் சருகு போட்டுத்
தேத்தண்ணி நிறமான தண்ணீரில்.
பூஞ்சணம் பிடித்ததை ஊசியால் பொறுக்கினாள்,
அரிசியில் கல் பார்க்கும் கண்.
நாலாம் நாள்
வால் முளைத்த முற்றுப்புள்ளிகள்
அடியில் கிடந்து துடித்தன.

சோடாப் போத்தலைத் தலைகீழாய்க் கட்டி
உப்புத் தண்ணீரில் இறால்பொடி பொரிக்க வைத்து
பாணிமருந்துச் சொட்டுக்குழாயால் ஊட்டினோம்.
வயிறு செம்மஞ்சளானால் தின்றுவிட்டது என்று அர்த்தம்.
நடுச்சாமத்தில் எழும்பி வயிறு பார்த்தாள்.
நாற்பத்தொன்றைத் தொட்டிக்கு மாற்றினோம்.
நோஞ்சான் ஐந்து மட்டும் டப்பாவிலேயே.

மறுகிழமை வெள்ளம்.
வலையிறவில் தண்ணீர் வீதியைக் கடந்தது.
நான் மூன்று இரவு வேலையிலேயே முடங்கினேன்.
கிணறெல்லாம் மூடிக் கிடக்கிறது, அளவைக் கூட்டு
என்று மேலேயிருந்து சொன்னார்கள்.
கூட்டினேன்.
இரவு பத்துப் பத்து என்று எழுதிக் கையொப்பமும் வைத்தேன்.

இங்கே கல்லடியில்
வாளித் தண்ணீர் அடுத்த வீட்டாரின் அடுப்புக்குப் போயிருந்தது.
கைப்பிள்ளையோடு வந்தவர்களுக்கு
மீனுக்கு வேணும் என்று எப்படிச் சொல்வது?
சுகிர்தா புதுத்தண்ணீர் பிடித்து
நாலு மணித்தியாலம் வைத்திருந்து
குனிந்து மணந்து பார்த்து
ஊற்றினாள்.

நான் வந்தபோது தொட்டியில் பஞ்சு மிதந்தது.
“மணந்து பார்த்தனான்” என்றாள்,
“ஒண்டும் மணக்கல்ல.”
பிறகு என் சட்டையைப் பார்த்தாள்.
“உங்களோட இருந்து இருந்து
என்ர மூக்குக்கு அது மணமே இல்ல.”

அந்த வெள்ளத்தில் எங்கள் பகுதியில்
வயிற்றோட்டம் என்று ஒருவரும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.
அதிகாரி பாராட்டினார்.
நான் தலையாட்டினேன்.
தொட்டியைக் கழுவ ஒரு கிழமை கை வரவில்லை.

டப்பாவை இருவரும் மறந்தே போனோம்.
அரிசித் தகரத்தின் பின்னால்
வாளியின் அடியில் மிஞ்சிய ஒரு சிரட்டைப் பழந்தண்ணீரில்
அந்த நோஞ்சான்கள்.
ஐந்தில் நாலு.

இப்போது நகத்தளவு.
மீசை தெரிகிறது, சட்டை தெரிகிறது.
திடீரென்று ஒன்று அம்பாய் மேலேறி
ஒரு வாய்க் காற்றைக் கவ்விக்கொண்டு
கல்லாய் விழும்.
சோற்றுக் கை அந்தரத்தில் நிற்க
இருவரும் பார்த்திருப்போம்.

தொட்டிக்குள் கைவிடப் போனால்
அவள் இன்னும் மறிக்கிறாள்.
வியாழனைக் காட்டுகிறாள்.
முதலில் அதில் கழுவு.