நாற்பத்தொரு மைல்

ஹெலினாவில் பனி. டொபீகாவில் காற்று.
போனை எடுத்ததும் முதலில் இதைச் சொல்லிக்கொள்வோம்,
கான்சாஸ் அரசின் மார்வா டீட்ஸும்
மொன்டானா அரசின் நானும்.
பதினோரு வருடம். முகம் பார்த்ததில்லை.
அவள் இருமலை வைத்து மாதம் சொல்வேன்.

எங்கள் வேலை கேட்பாரற்ற பணம்.
மாற்றாத காசோலை, மறந்துபோன வைப்புத்தொகை,
இறந்தவர் பெட்டகத்தில் ஒற்றைக் காதணி.
இத்தனை வருடம் யாரும் தொடவில்லையென்றால்
கம்பெனி அதை அரசிடம் ஒப்படைக்க வேண்டும்.
எந்த அரசிடம் என்பதில்தான்
வாய்க்கால் வரப்புத் தகராறு.

முன்பு தனித்தனியாகப் போவோம்.
அதே கணக்குப் புத்தகத்தை
மார்ச்சில் நாங்கள் புரட்டுவோம், ஜூலையில் கான்சாஸ்.
ஒக்லஹோமா போய்ச் சேரும்போது
அந்த அறையில் மட்டும் தண்ணீர்க் குழாய் வெடித்திருக்கும்.
இப்போது ஒப்பந்தம். நாலு மாநிலத்துக்கு ஒரே தணிக்கை.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே,
நாங்கள் ஆற்றிலிருந்து எடுத்து அளக்கிறவர்கள்.
படி ஒன்றாக இருந்தால் சண்டை குறைகிறது.

அப்படித்தான் வெண்டல் கிராபில் கிடைத்தார்.
அறுவடை இயந்திரம் ஓட்டியவர்.
மே மாதம் டெக்சாஸில் கோதுமை முற்றும்,
அதன் பின்னாலேயே வடக்கே வருவார்,
ஒக்லஹோமா, கான்சாஸ், நெப்ராஸ்கா,
ஆகஸ்டில் எங்களிடம்.
கோதுமைக்கு எல்லை தெரியாது என்று எழுத ஆசைதான்.
சம்பளக் காசோலைக்குத் தெரியும்.

பத்தொன்பது காசோலை. ஒன்றைக்கூட மாற்றவில்லை.
ஏன் என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.
டெலவேரும் கை நீட்டியது;
கம்பெனி பதிவானது அங்கேதானாம்.
விதி இதுதான்: உரியவரின் கடைசி முகவரி
எந்த மாநிலத்திலோ, பணம் அங்கே.
முகவரி இல்லை.

விச்சிட்டாவில் ஒரு அட்டைப்பெட்டியின் அடியில்
மார்வாவுக்கு ஒரு சீட்டு அகப்பட்டது.
பென்சிலில், சாய்ந்த எழுத்தில்:
தபால் பெட்டி 9, டிரை ஃபோர்க், மொன்டானா.
அவள் பேசாமல் இருந்திருக்கலாம்.
யாரும் அந்தப் பெட்டியை இன்னொரு முறை கவிழ்க்கப் போவதில்லை.
அன்று மாலையே எனக்கு அனுப்பினாள்,
ஓரத்தில் ஒரு காபிக் கறையோடு.

கிராபில் இறந்திருந்தார். ஒரு மகள், ரொவீனா.
லூயிஸ்டவுனில் பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை.
எட்டாயிரத்து நானூற்று ஆறு டாலர் என்றேன்.
வேண்டாம் என்றாள்.

நாலு மாநிலம், இரண்டு வக்கீல், மூன்று குளிர்காலம்.
வேண்டாம் என்பதற்குப் படிவத்தில் கட்டமே இல்லை.

"எனக்கு மூணு வயசு, அறுவடைக்குன்னு போனார்.
அந்த மனுஷன் வந்து கேட்காம விட்ட லிஸ்ட்ல
நானும் ஒருத்தி மேடம்.
என்னை எந்த கவர்ன்மென்டும் எடுத்து வைக்கலை."

போனை வைக்கவில்லை.
பின்னால் யாருக்கோ பல் ராவும் சத்தம்.
"கடைசியா எங்கே இருந்தார்?"
சொன்னேன்.
"டிரை ஃபோர்க்கா?
அங்கேதானே வருஷா வருஷம்
சர்ச் சந்தைக்கு ருபார்ப் பை கொண்டு போவோம்"
என்றாள், என்னிடம் அல்ல.

மார்வாவைக் கூப்பிட்டேன்.
வானிலை சொல்ல மறந்துவிட்டோம் இருவரும்.
வாங்கிக்கொண்டாளா?
இல்லை.
தூரமோ?
நாற்பத்தொரு மைல் என்றேன்.
அவள் பக்கம் காற்று மட்டும் கேட்டது,
பிறகு இருமல். அக்டோபர்.

கோப்பை மூடவில்லை, மூட விதியும் இல்லை.
உரியவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருக்கிறது.
பென்சிலில் எழுதினேன்.