பென்சில் கரடி

அஸ்தம்பட்டி, ஜெராக்ஸ் கடை மாடி.
எட்டு மணியிலிருந்து கரண்ட் இல்லை.
நித்திலாவின் மந்திரக்காரி
இன்றைக்கு மூன்றாம் தடவை உருமாறுகிறாள்.
இந்த முறை கரடி.

மனுஷிக்குப் பேனா, மிருகத்துக்குப் பென்சில்:
சட்டம் நான் போட்டதுதான்.
வலிமை எட்டை அழித்துப் பத்தொன்பது.
அறிவு அவளுடையது, அதைத் தொடாதே.
உயிர் முப்பத்துநாலு, கரடி இருக்கும்வரை.
அவளுடைய பதினொன்று
மடித்த தாளின் அடியில் காத்திருக்கும்.

"ஆந்தையா இருந்தப்போ பட்ட காயம்?"
"அது ஆந்தையோட போச்சு."
"அப்ப விஷம்?"

பெர்க்மான்ஸ் டார்ச் அடித்து விதிகளைப் புரட்டுகிறான்.
எண்பதாம் பக்கத்தில்
தட்டுவடை செட்டின் சிவப்புச் சட்னி.
ஜன்னலில், ஏற்காடு ஏறும் ஏதோ வண்டி
எத்தனையாவது வளைவிலோ அணைந்து
மறுபடி எரிந்தது.

பகடை உருண்டது. கரடி செத்தது.
மிச்ச அடி ஆறு
அவள்மேல் இறங்க வேண்டும்.
மடிப்பைப் பிரித்தேன்.
மேலே அழித்து அழித்து
கீழேயும் கிழிந்திருக்கிறது:
பதினொன்று இருந்த கட்டத்தில்
சுண்டுவிரல் நுழையும் ஓட்டை.

யாரும் பேசவில்லை.
"விஷத்துக்கு ரெண்டு,
நான் அப்பவே கழிச்சுட்டேன்" என்றாள் நித்திலா.
"ஒன்பதுல ஆறு போனா மூணு.
பேனாவைக் குடு."